எங்க பூனைதான்

தப்பை ஒத்துக்கொள்வதில் அந்த அக்காவுக்கு இருந்த வேகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. புகாரைச் சொல்லி முடிக்கவே விடமாட்டார். "அக்கா, எங்க ஜன்னல்ல வச்சிருந்த..." என்று ஆரம்பித்தால் போதும், "எங்க பூனைதாம்மா" என்பார். சண்டை போடுவதற்கென்றே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனவர்களுக்கு அதற்கப்புறம் என்ன பேசுவதென்று தெரியாது. கொண்டுபோன கோபத்தை எங்கே இறக்கிவைப்பது? கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு, "இல்ல, சும்மா சொன்னேன்" என்று திரும்பி வருவார்கள். நானும் அப்படி இரண்டு மூன்று தடவை திரும்பி வந்திருக்கிறேன்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீடு ஐந்து வீடுகளில் ஒன்று. ஒரே கேட், ஒரே தண்ணீர்க் குழாய், எல்லோருக்கும் ஒரே மொட்டை மாடி. பெங்களூரில் இப்படி வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட இடத்தை வட்டாரம் என்பார்கள். மேலே ஓனரம்மா, கீழே நாங்கள். நானும் என் கணவரும் அத்தையும் நான்காம் நம்பர். அந்த அக்கா மூன்றாம் நம்பர், தனி ஆள். தனி ஆள் என்று நான் சொன்னால் அவர் திருத்துவார். "நாங்க ரெண்டு பேரும்மா." இரண்டாவது ஆள் பூனை. வெள்ளையில் மஞ்சள் திட்டுத் திட்டாக இருக்கும் கடுவன். அதற்கு 'சார்' என்று பெயர் வைத்திருந்தார்.

"ஒரு வேலையும் செய்யறதில்ல. கையைப் பின்னாடி கட்டிக்காத கொறதான், சுத்திச் சுத்தி வந்து எல்லாத்தையும் பாக்குது. எங்க ஃப்ளோர்லயும் ஒருத்தர் இப்படித்தான் இருக்காரு. அதான் சார்" என்பார்.

ஃப்ளோர் என்றது அவர் வேலை செய்த கார்மெண்ட்ஸ் கம்பெனியை. அங்கே செக்கிங் டேபிளில் இருந்தார். தைத்து வரும் சட்டைகளை விரித்துப் போட்டு, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, கோணல் காலர் என்று பழுது கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பின் முனை பழுதைக் காட்டும். அடுத்த டேபிளில் இருக்கிறவர்கள் அதைப் பார்த்துச் சரிசெய்வார்கள். நாள் முழுக்க அடுத்தவர் தப்பைக் காட்டிக்கொடுக்கிற வேலை. சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் தன் தப்பை ஒத்துக்கொள்கிற வேலை. இது என் கேலி. அவரிடமே சொல்லியிருக்கிறேன், சிரித்தார்.

அந்த ஸ்டிக்கர் சுருள் ஒன்று எப்போதும் அவர் கைப்பையில் இருக்கும். முதல் தடவை அதை நான் பார்த்தது என் சமையலறை ஜன்னலில்தான். கல்யாணமாகி எட்டு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீனுக்கு மசாலா தடவி ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு வெங்காயம் எடுக்கத் திரும்பினேன். ஆறு துண்டு நான்காகிவிட்டது. அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். வந்தார், பார்த்தார், "எங்க பூனைதாம்மா" என்றார். பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்து ஜன்னல் மேடையில் ஒட்டினார்.

"என்னக்கா இது?"

"மறந்துடக் கூடாதில்ல. ஞாபகத்துக்கு."

அடுத்த ஞாயிறு இரண்டு துண்டுக்கு நான்கு துண்டாக வறுத்து டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் நகத்தால் அந்த ஸ்டிக்கரை உரித்து, உருண்டையாக உருட்டி, எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது அவர் சொன்ன விதி எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "சரி பண்ணப்புறம்தான் ஸ்டிக்கரை எடுக்கணும். அதுக்கு முன்னாடி எடுத்துட்டா பழுது எங்கன்னு யாருக்குத் தெரியும்?"

முதல் வீட்டுக்காரரின் புது பைக் சீட்டை சார் கீறியபோதும் அப்படித்தான். கீறல் இருந்த இடத்தில் அம்பு ஒட்டினார். அவர் அதைக் கவனிக்காமல் ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போக, பார்க்கிங்கில் எல்லோரும், "என்ன குரு, உக்கார்ற எடத்துக்கு ரூட் போட்டிருக்கியா?" என்று கேட்டார்களாம். மறுநாள் சாயந்திரம் கறுப்பு ரெக்சினில் அக்கா தைத்து மாட்டிய உறை கம்பெனி சீட்டைவிட நன்றாக இருந்தது. திட்டிக்கொண்டே வந்த மனிதர் தடவிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்.

அத்தை மொட்டை மாடியில் பிழிந்து வைத்த வடாம் மேல் சார் ஒருநாள் நடந்து போயிருந்தது. எங்கள் அத்தை பக்தியுள்ளவர். வியாழக்கிழமை தவறாமல் விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போவார். கோபம் வந்தாலும் கோயில் பேச்சுதான் வரும். "பதினாலு ஸ்தலமும் தவறாம சிலுவைப் பாதை பண்ணியிருக்கு பாரு, அந்தச் சனியன்!" என்று மாடியிலிருந்து கத்தினார். அக்கா அடுத்த ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கூழ் கிளறி, பிழிந்து, வெயில் இறங்கும்வரை பக்கத்திலேயே குடை பிடித்துக் காவல் இருந்தார். குடைக்குள் அவரோடு சாரும் இருந்தது. அத்தைக்கு அதைப் பார்த்ததும் மறுபடி கோபம் வந்தது, ஆனால் வடாம் நன்றாக வந்திருந்தது.

இப்படியெல்லாம் சொன்னால் அவர் பயந்த சுபாவம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அந்த முட்டை விஷயம் வரும்வரை.

ஐந்தாம் வீட்டு வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போன முட்டைப் பொட்டலத்தைக் காக்கா கொத்தி இழுத்ததை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு முட்டை விழுந்து உடைந்தது. அந்த வீட்டம்மா நேராக மூன்றாம் நம்பருக்குத்தான் போனார். "எங்க பூனைதாம்மா" என்ற குரல் எனக்குக் கேட்டது. சாயந்திரம் குழாயடியில் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அது காக்கா. நான் பாத்தேன். சார் அப்ப உங்க வீட்டுக்குள்ள தூங்கிட்டு இருந்துச்சு, அதையும் பாத்தேன். நீங்க ஏன் ஒத்துக்கறீங்க?"

குடம் நிரம்பியது. குழாயை மூடிவிட்டுச் சொன்னார்.

"ஜோகுபாளையத்துல இருந்தப்போ ஒண்ணு வளத்தேம்மா. இதுக்கு முன்னாடி. பக்கத்து வீட்டுல பால் கொட்டிப் போச்சுன்னு வந்தாங்க. எங்க பூனை இல்லன்னேன். நெசமாவே இல்ல. ஊருக்குப் போயிருந்தேன், கூடையில அதையும் எடுத்துட்டுப் போயிருந்தேன். டிக்கெட்டைக் காட்டினேன். எல்லாரும் கூடிட்டாங்க. நான் சொன்னது நெசம்னு ஆயிடுச்சு. அந்தம்மா மூஞ்சி செத்துப் போச்சு. நாலாம் நாளு சாக்கடை ஓரமா வாயில நுரையோட கெடந்துச்சு."

நான் என் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தேன்.

"ஒத்துக்கிட்டா அவங்களுக்குக் கோவம் எறங்கிடும். என்ன போகுது? ஒரு ஞாயித்துக்கெழமை போகும். நான் கெலிச்சேன்னு வையி, அந்தக் கோவத்தை என்கிட்டயா காட்டுவாங்க? அது மேலதான் காட்டுவாங்க."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வட்டாரத்தில் இந்தக் கதை தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதனால் பின்னால் நான் செய்தது எதையும் தெரியாமல் செய்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தை முதல் பூசைக்குப் போயிருந்தார். எனக்கும் என் கணவருக்கும் சண்டை. என் தங்கை வளைகாப்புக்கு நான் நான்கு நாள் முன்னால் போகவேண்டும் என்றேன், அவர் எதற்கு என்றார், அங்கே ஆரம்பித்து எங்கெங்கோ போனது. அவர் பதில் சொல்லாமல் டிவி சத்தத்தைக் கூட்டினார். அவர் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி அவர்மேலேயே எறிந்தேன். குனிந்துவிட்டார். ரிமோட் பின்னால் இருந்த சுவரில் அடித்து, கீழே பலகையில் இருந்த குழந்தை இயேசு சொரூபத்தின் மேல் விழுந்தது. சொரூபம் தரையில் விழுந்து தலை தனியாக உருண்டது.

அது மாமா வாங்கிக் கொடுத்தது. மாமாவை நான் பார்த்ததில்லை, என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். என் கணவர் பிறந்தபோது விவேக் நகரில் வாங்கி மந்திரித்துக் கொண்டுவந்தாராம். அத்தை தினமும் அதனிடம்தான் பேசுவார். என்னைப் பற்றியும் பேசியிருப்பார்.

நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம். சுவரில் ரிமோட்டின் மூலை பட்ட இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு குழி. என் கணவர்தான் முதலில் அசைந்தார். ரிமோட்டை எடுத்து சோபாவுக்கு அடியில் தள்ளினார். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த கோயில் காலண்டரைக் கழற்றி, குழிக்கு மேலே இருந்த பழைய ஆணியில் மாட்டினார். நான் கீழே சிந்திய சுண்ணாம்பைக் கையால் கூட்டி அள்ளினேன். அரை நிமிஷம் முன்னால் கத்திக்கொண்டிருந்தவர்கள் அவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்தோம். அப்போது கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

அத்தை உள்ளே வந்து தரையைப் பார்த்தார். முக்காடு தோளில் நழுவியது. எங்களைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி, நாங்கள் தேடிக்கொண்டிருந்த பதிலாகவே இருந்தது.

"அந்தப் பூனையா?"

என் கணவர் சொன்னார், "ஜன்னல் தொறந்து இருந்துச்சும்மா."

அது பொய் இல்லை. ஜன்னல் திறந்துதான் இருந்தது.

அத்தை தலையை ஒரு கையிலும் உடலை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு மூன்றாம் நம்பர் வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். ஏன் ஓடினேன் என்று தெரியவில்லை. அழுதுகொண்டே கதவைத் தட்டினார். அக்கா திறந்தார். தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டு கட்டியிருந்தார். அவர் தோளுக்குப் பின்னால், அட்டைப் பெட்டிக்குள், பழைய சட்டைத் துணி சுற்றிய காலை நீட்டிக்கொண்டு சார் படுத்திருந்தது. வெள்ளிக்கிழமை ஏதோ வண்டி அதன் காலில் ஏறிவிட்டிருந்தது. அதிலிருந்து அது எழுந்து நிற்கவில்லை. எனக்கு அது தெரியும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அந்தத் துணியைக் கிழித்துக் கொடுத்ததே நான்தான்.

அத்தை எதையும் பார்க்கவில்லை. கண்ணீர்.

அக்கா அத்தையின் கையில் இருந்ததைப் பார்த்தார். திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு அத்தைக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கக் கொடுத்த நேரம் அது. கொஞ்சம் இல்லை, நிறையவே கொடுத்தார்.

"எங்க பூனைதாம்மா" என்றார்.

இந்தத் தடவை கோபம் இறங்கவில்லை. மீனும் வடாமும் வேறு, இது வேறு என்று அவருக்கும் அப்போதே புரிந்திருக்கும். அத்தை அழுத அழுகையில் மேலேயிருந்து ஓனரம்மா இறங்கி வந்தார். உடைந்த சொரூபத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யார் சாமியாக இருந்தால் என்ன, தன் கட்டிடத்தில் சாமி உடைந்திருக்கிறது. அவருக்குக் கன்னடம்தான் வரும். அக்காவைப் பார்த்து, "பெக்கு பேக்கா, மனெ பேக்கா?" என்று கேட்டார். பூனை வேண்டுமா, வீடு வேண்டுமா. அவ்வளவுதான் கேள்வி. ஒரு வாரம் தவணை.

அப்போதுதான் அக்கா என்னிடம் திரும்பி, தெரிந்த நாளிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டார். அவர் யாரிடமும் விளக்கம் கேட்கிறவரே இல்லை.

"நீ பாத்தியாம்மா? உள்ள வந்ததைப் பாத்தியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முட்டையைக் காக்கா கொத்தியதைப் பார்த்தேன் என்று வலியப் போய்ச் சொன்னவள் நான்.

"நான் சமையல்ல இருந்தேங்கா" என்றேன்.

அவர் தலையாட்டினார்.

அடுத்த சனிக்கிழமை, காலில் கட்டோடு சாரைக் காய்கறிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பானஸ்வாடிப் பக்கம் ரயில் பாலத்துக்கிட்ட ஒரு மீன்கடை இருக்கிறது, அங்கே விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று முதல் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். வெறும் பையை நான்காக மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு திரும்பி வந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மறுநாள் ஞாயிறு. அவர் வழக்கத்தை விடவில்லை. நெற்றியில் குங்குமத்தோடு விவேக் நகருக்குப் போய், வரிசையில் நின்று, அதே அளவில் ஒரு குழந்தை இயேசு சொரூபம் வாங்கி, யாரிடமோ கேட்டு ஃபாதரிடம் மந்திரித்து, புதுச் சட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அத்தை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பலகையைத் தன் முந்தானையால் துடைத்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. காபி போடுகிறேன் என்று உள்ளே போனேன். நான் டம்ளரோடு வந்தபோது அத்தை வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அக்கா சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"காபி வேணாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். காலண்டர் கொஞ்சம் கோணலாக இருந்தது. நான் அதை நேராக வைத்தேன். தூக்கிப் பார்க்கவில்லை. குழியைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று.

ஷிப்ட் முடிந்ததும் அவர் தினமும் அந்த மீன்கடைப் பக்கம் போய்த் தேடியிருக்கிறார். அது கிடைக்கவில்லை. பார்த்துவிட்டு வரத்தான் போனார், கூட்டிவரப் போகவில்லை என்று முதல் வீட்டுக்காரர் சொன்னார். அந்த மாதம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்தார். சின்ன டெம்போவில் பாதிகூட நிரம்பாத சாமான். எங்கள் வாசலைக் கடக்கும்போது, "வரேம்மா" என்றார். அத்தைகூட, "போயிட்டு வா" என்றார். நான் குளியலறையில் இருந்தேன். குளிக்கவில்லை, இருந்தேன்.

அவர் போன பதினோராம் நாள் சார் வந்தது.

எந்த வழியாக வந்ததோ, எத்தனை தெரு தாண்டியதோ. பாதியாக இளைத்து, பின்னங்காலை இழுத்துக்கொண்டு, டு-லெட் அட்டை தொங்கிய மூன்றாம் நம்பர் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தது. கத்தவில்லை. கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. காலில் துணி இல்லை.

அக்காவின் நம்பர் என் போனில் இருந்தது. 'அக்கா, சார் வந்திருக்கு' என்று எழுதினேன். மூன்றே வார்த்தை. அனுப்பியிருந்தால் அவர் அரை நாள் லீவு போட்டு ஓடி வந்திருப்பார். வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்வார், நீ நல்லா இருக்கணும்மா என்பார். அதை நினைத்தபோதுதான் என் விரல் நகரவில்லை. திட்டுவார் என்றால் அனுப்பியிருப்பேன். எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

இரண்டாம் நாள் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வந்தது. சங்கரா மீன் திருடிய அதே ஜன்னல். என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. நான் ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். மூன்றாம் நாள் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அத்தை கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் செய்ய அடுப்படியில் இருந்தார். வெளியே தண்ணீர் கொட்டுகிற சத்தமும் கூடவே ஒரு கத்தலும் கேட்டது. அத்தை காலிப் பாத்திரத்தோடு உள்ளே வந்தார். "மறுபடி மோப்பம் புடிச்சிட்டு வந்துடுச்சு. தண்ணி ஊத்தி வெரட்டிட்டேன்" என்றார்.

அதற்கப்புறம் அது வரவில்லை.

ஜனவரி முதல் தேதி பழைய காலண்டரைக் கழற்றினேன். குழி அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில், சுவரில் நன்றாக அழுத்தி ஒட்டிய ஒரு சிவப்பு அம்புக்குறி. முனை நேராகக் குழியைக் காட்டியது.

பழுது பார்ப்பதே பிழைப்பாக இருந்தவர் அவர். பூனை ஏற முடியாத உயரத்தில் இருக்கிற ஒரு குழி அவர் கண்ணுக்குத் தப்புமா? அவர் அதைப் பார்த்துவிட்டுக் கத்தியிருக்கலாம். அத்தை பத்தடி தூரத்தில்தான் நின்றார். கத்தவில்லை. வழக்கப்படி ஒட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் ஒட்டிய ஸ்டிக்கர்களில் அவர் உரித்து எடுத்துப் போகாதது அது ஒன்றுதான். இது அவர் சரிசெய்ய வேண்டியது இல்லையே.

புதுக் காலண்டரை அதே ஆணியில் அவசரமாக மாட்டினேன். வெளியே போய் அக்காவின் நம்பருக்குப் போன் செய்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று கன்னடத்தில் ஒரு குரல் சொன்னது. வேலை முடிகிற நேரமாகப் பார்த்து அவருடைய கார்மெண்ட்ஸ் கேட்டில் போய் நின்றேன். டிபன் பையோடு நூற்றுக்கணக்கான பெண்கள் வெளியே வந்தார்கள். செக்கிங்கில் இருந்த ஒருத்தியைப் பிடித்து விசாரித்தேன்.

"அவங்க நின்னுட்டாங்களே. பொம்மனஹள்ளி பக்கம் எங்கியோ சேந்துட்டாங்கன்னு பேச்சு. நீங்க அவங்களுக்கு என்னாவணும்?"

"பக்கத்து வீடு."

"அப்படியா? பூனை கெடைச்சுதா? டெய்லி அதே பொலம்பல்தான். சாப்பிடவே மாட்டாங்க."

இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கு அதுவும் ஒரு பொய்.

அந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்ககிட்ட சொன்னீங்களாம்மா?" என்றார். இடம் தெரியவில்லை என்றேன். "வீட்டுல இருக்கறவங்ககிட்ட?" என்றார். வருஷத்துக்கு ஒருமுறை மண்டியிட்டுத் தப்பை ஒத்துக்கொள்ளச் சின்ன வயதிலிருந்தே பழக்கப்படுத்தப்பட்டவள் நான். மரத்தட்டிக்குப் பின்னால் முகம் தெரியாமல் இருந்தால்தான் எனக்கு அது வருகிறது. அந்த அக்கா நட்டநடு வாசலில் நின்று ஒத்துக்கொள்வார், அதுவும் செய்யாததை.

நான்கு ஜனவரி இப்படிப் போனது. முதல் தேதி விடிகாலையில், அத்தை எழுவதற்கு முன், பழசைக் கழற்றிப் புதுசை மாட்டிவிடுவேன். ஒரு நொடிதான் சுவர் தெரியும். ஒவ்வொரு வருஷமும் அந்தச் சிவப்பு கொஞ்சம் வெளுத்திருக்கும் என்று எதிர்பார்ப்பேன். வெயில் படாத இடம், வெளுக்கவே இல்லை. என் கணவரிடம் காட்டினேன். "பட்டி வச்சு அடைச்சிடலாம்" என்றார். அப்புறம் அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வண்டிச் சத்தத்தில் ஏதாவது பூனை தாவி ஓடினால் முதலில் அதன் பின்னங்காலைத்தான் பார்க்கிறேன். நான் ரிசப்ஷனில் இருக்கும் பல் டாக்டர் க்ளினிக்கில், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்ட ஃபார்மில் சின்னச் சின்ன அம்பு ஒட்டச் சொல்வார்கள். பச்சை வாங்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டார்கள், சிவப்பு கண்ணைக் குத்துகிறது என்றேன்.

இந்த ஜனவரி எனக்கு ஜுரம். எழ முடியவில்லை. கண் விழித்தபோது எட்டு மணி. ஹாலுக்கு வந்தேன். அத்தை நாற்காலி போட்டு ஏறி, பழைய காலண்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுவரைப் பார்த்தார்.

"இது அவ ஒட்டறதுல்ல? மூணாம் நம்பர்காரி?"

"ஆமா அத்த."

"இங்க எதுக்கு ஒட்டினா? இது என்னா குழி?"

பலகையில் அக்கா வாங்கிவந்த குழந்தை இயேசு இருந்தது. இந்த நான்கு வருஷமும் அத்தை அதனிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார். என் கணவர் பல் தேய்த்துக்கொண்டே வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பட்டி, ஈரம், ஆணி அடித்தபோது பெயர்ந்தது என்று சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. அவர் வாய் அதில் ஏதோ ஒன்றுக்குத் தயாராவது எனக்குத் தெரிந்தது.

"நாங்கதான் அத்த" என்றேன். "நான்தான். ரிமோட்டை எறிஞ்சேன். அது பட்ட எடம். பூனை உள்ளயே வரல. அது கால் ஒடஞ்சு படுத்திருந்துச்சு, அன்னிக்கு எனக்கு அது தெரியும்."

அத்தை என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நின்றேன். அவர் நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கி அதிலேயே உட்கார்ந்தார். காலண்டர் மடியில் கிடந்தது. சொரூபத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அன்று போட்ட தாழ்ப்பாள், புழுக்கத்தில்கூட நாங்கள் திறப்பதில்லை.

"அன்னிக்கு நான் ஊத்தினேனே" என்றார்.

"ம்."

"அது சுடுதண்ணி."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் கணவர் அதே இடத்தில் நின்றார். வெளியே குழாயடியில் யாரோ குடம் வைக்கிற சத்தம் கேட்டது. மேஜைமேல் சுருட்டி வைத்திருந்த புதுக் காலண்டரை எடுக்க என் கணவர் கை நீட்டினார்.

"அங்க மாட்டாத" என்றார் அத்தை.